முக்குகிற பூனை

வெம்பக்கோட்டைப் பக்கம் பூனைக்கென்று வீட்டுக்குள் மணல் தட்டு வைக்கும் வழக்கம் கிடையாது. பூனை வெளியே போகும், மண்ணைப் பறிக்கும், இருக்கும், மூடும், திரும்பி வரும். கரிசல் காய்ந்தால் கட்டிதட்டிப் பாளமாக வெடித்துவிடும். பூனையின் நகத்துக்கு இளகாது. மழை பெய்தாலோ பாதத்தில் அப்பிக்கொள்ளும். அதனால் தெருவில் யார் வீடு கட்டினாலும் வாசலில் கொட்டிய எம்-சாண்ட் குவியல்தான் அந்தத் தெருப் பூனைகள் அத்தனைக்கும் பொதுக் கழிப்பறை. மணல் சலிக்கிற சித்தாளைக் கேட்டால் பூனைகளைப் பற்றி நிறையச் சொல்வார், அச்சில் ஏற்ற முடியாதபடி.

நாய்க்கு இந்த ஒளிவுமறைவு இல்லை. இராஜபாளையம் நாய்க்குப் பேர்போன விருதுநகர் மாவட்டம் இது; நாய் காலைத் தூக்கினால் தெருவே பார்க்கும். பூனை எப்போது போனது, எத்தனை தடவை போனது, எவ்வளவு போனது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சிறுநீர்க் கோளாறு கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டிய நோய். பார்க்கவே வழியில்லாத இடத்தில் அது கடைசி நாளில்தான் வெளியே வருகிறது.

அப்படி வெளியே வரும்போது முதலில் தெரிவது முக்கல். பூனை குந்தி உட்கார்ந்து முதுகை வளைத்து முக்குகிறது. எழுந்து நாலடி நடந்து மறுபடி உட்காருகிறது. குளியலறை மூலை, சாக்கு, துவைக்கப் போட்ட துணி, பட்டாசுக் குழாய் சுற்றும் வீடாக இருந்தால் அடுக்கி வைத்த காகிதம் என்று இடத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறது. அடிவயிற்றுக்குக் கீழே ஓயாமல் நக்குகிறது. பார்க்கிறவர்கள் மூன்றில் ஒன்று சொல்வார்கள். “வெளிக்கு இறுகிப்போச்சு” என்று விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவார்கள். “சூடு பிடிச்சிருக்கு” என்று தொப்புளிலும் கால் விரலிலும் அதே விளக்கெண்ணெயைத் தடவுவார்கள். அல்லது, “எல்லாம் கொழுப்பு, வேணும்னே பண்ணுது” என்று விளக்குமாற்றை எடுப்பார்கள்.

மூன்றாவதை முதலில் தள்ளிவிடலாம். பழிவாங்குவதற்காகச் சிறுநீர் கழிக்கும் திட்டமெல்லாம் பூனையிடம் இல்லை. வழக்கமான இடத்தில் போனபோது எரிந்தது, அதனால் வேறு இடம் தேடுகிறது, அவ்வளவுதான். காயடிக்காத கடுவன் எல்லை குறிப்பது தனிச் சங்கதி. அது நின்றபடி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி நடுக்கி, சுவரில் பின்பக்கமாகப் பீய்ச்சும். முகத்தில் வலி தெரியாது. குந்தி உட்கார்ந்து தரையில் முக்குகிற பூனைக்கு உடம்பு சரியில்லை.

மலச்சிக்கலையும் இதையும் பிரித்தறிய எண்ணிக்கை உதவும். மலம் இறுகிய பூனை எப்போதாவது ஒரு தடவை போய் முக்கிவிட்டு விட்டுவிடும். சிறுநீர்த் தொல்லை உள்ள பூனை ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு தடவை உட்காரும். உண்மையில் கெடுதல் செய்வது இரண்டாவது வைத்தியம், தொப்புள் எண்ணெய். எண்ணெயால் ஒரு தீங்கும் இல்லை. அது பலித்துவிடுகிறதே, அதில்தான் வம்பு.

பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பூனைகளுக்கு வரும் நீர்க்கடுப்பில் பாதிக்கு மேல், ஆராய்ந்து பார்த்தால் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. சிறுநீர்ப்பை அழன்றிருக்கும், ரத்தம்கூடக் கசியும், காரணம் மட்டும் பிடிபடாது. மருத்துவர்கள் இதைக் காரணம் அறியாத சிறுநீர்ப்பை அழற்சி என்றே குறிக்கிறார்கள். இளம் பூனைகளில் கிருமித் தொற்று அபூர்வம் என்பதால் ஆன்டிபயாடிக் ஊசிக்கு அங்கே பெரும்பாலும் வேலை இல்லை. இந்த அழற்சி பெரும்பாலான பூனைகளில் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அந்த வாரத்தில் என்ன வைத்தியம் செய்திருந்தாலும் அதற்குப் பேர் கிடைக்கும். எண்ணெய் தடவியவர் எண்ணெயால் என்பார், மோர் கொடுத்தவர் மோரால் என்பார், ஊசி போட்டவர் ஊசியால் என்பார். போன வருஷம் பெட்டைப் பூனைக்குப் பலித்த எண்ணெய் இந்த வருஷம் கடுவனுக்கும் தடவப்படுகிறது. மூன்றாம் நாள் கடுவன் செத்துக் கிடக்கிறது.

பெட்டைக்குச் சிறுநீர்த்தாரை குட்டை, அகலம். கடுவனுக்கு நீளம், அதுவும் குறிக்குள் நுழையும் கடைசிப் பகுதி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிவிடும். அழன்ற சிறுநீர்ப்பையிலிருந்து உதிரும் சளி, புரதம், செல்கள் எல்லாம் நுண்ணிய படிகங்களோடு சேர்ந்து கொழகொழவென்று அங்கே வந்து அடைத்துக்கொள்ளும். சில சமயம் ஒரு குறுணிக் கல். சில சமயம் அடைப்பே இல்லாமல் தாரையின் தசை இறுகியே வழி மூடிவிடும். காயடித்தால் தாரை சுருங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. காயடித்தபின் தின்று தின்று கொழுத்து, அசையாமல் படுத்துக் கிடப்பதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது.

அடைத்த முதல் நாள், மேலே சொன்ன முக்கல்தான். ஒரு சொட்டு வரலாம், அது இளஞ்சிவப்பாக இருக்கலாம். சில பூனைகள் கத்தும். பல பூனைகள் கத்தாது, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடிவயிற்றில் கை வைத்தால் சிறுநீர்ப்பை சாத்துக்குடி அளவில் கெட்டியாக உருளும். அதை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றப் பார்க்கக் கூடாது, பை கிழிந்துவிடும். இரண்டாம் நாள் தீனியில் வாய் வைக்காது, வாந்தி எடுக்கும். பை நிறைந்து அழுத்தம் சிறுநீரகம் வரை ஏறுவதால் அங்கே வடிகட்டுதல் நின்றுபோகும். யூரியா ஏறும், ரத்தம் அமிலமாகும், இவற்றோடு பொட்டாசியமும் ஏறும்.

கொல்லுவது பொட்டாசியம்தான். இதயத் தசையின் ஒவ்வொரு துடிப்பும் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் மின்னழுத்த வேறுபாட்டை நம்பி நடக்கிறது. வெளியே பொட்டாசியம் ஏற ஏற அந்த வேறுபாடு குறைகிறது, துடிப்பு தளர்கிறது. மருத்துவமனையில் பூனையின் இதயம் நிமிஷத்துக்கு 140 முதல் 220 வரை அடிக்கும். பயந்த பூனைக்கு மேல் எல்லையை ஒட்டியே அடிக்கும். கூடைக்குள் முக்கிக்கொண்டே வந்த கடுவனுக்கு ஸ்டெதாஸ்கோப்பில் 100, 110 என்று நிதானமாகக் கேட்டால், அனுபவமுள்ள மருத்துவருக்கு வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் விஷயம் புரிந்துவிடும். உடனே கால்சியம் குளூக்கோனேட்டை நரம்பில் ஏற்றுவார். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்தைக் கொஞ்ச நேரம் காபந்து பண்ணும். அந்த அவகாசத்தில் இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளும். பிறகு மயக்கம் கொடுத்து மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கிப் பையைக் காலி செய்வார்கள். வழி திறந்ததும் பூனை குடம் குடமாகப் போகத் தொடங்கும்; அதற்கு ஈடாகச் சலைன் ஏற்றாவிட்டால் அந்த நீரிழப்பே ஆளைக் கவிழ்க்கும். ஒரு நாள், இரண்டு நாள் குழாயோடு வைத்திருந்து அனுப்புவார்கள். அடைப்பு திரும்பத் திரும்ப வருகிற கடுவனுக்கு அந்தக் குறுகிய கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு அகலமான வாய் அமைக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு.

இத்தனையும் ஆடு மாட்டுக்கு ஊசி போடும் சின்ன மருந்தகத்தில் நடக்காது. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம், வழி கேட்கலாம். ஆனால் பூனைக்குக் குழாய் போடத் தெரிந்த கை, மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனை மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் சிவகாசி, மதுரை என்று தேட வேண்டும். அல்லது திருநெல்வேலி இராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு மணி நேரம் பயணம் போக வேண்டும். எங்கே போவது என்பதைப் பூனை நன்றாக இருக்கும் நாளிலேயே விசாரித்துத் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. வழியில் வலிக்கு என்று பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. அந்த மருந்தைப் பக்குவமாகக் கழிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

பூனைக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? அதன் சிறுநீரகம் அவ்வளவு திறமையானது என்பதே காரணம். 1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏ. வி. வுல்ஃப் என்ற உடலியலாளரும் கூட்டாளிகளும் இரண்டு சோதனைகளை வெளியிட்டார்கள். ஒன்றில், மீனோ இறைச்சியோ மட்டும் தின்னக் கொடுத்து, குடிக்கத் தண்ணீரே வைக்காமல் பூனைகளைப் பார்த்தார்கள். உணவில் இருந்த ஈரத்தை வைத்தே அவை காலம் தள்ளின. இன்னொன்றில் குடிக்கக் கடல்நீரைக் கொடுத்தார்கள், அதையும் சமாளித்தன. கடலில் தத்தளிக்கும் மனிதன் கடல்நீரைக் குடித்தால் இன்னும் சீக்கிரம் சாவான், ஏனென்றால் அவ்வளவு உப்பான சிறுநீரை நம் சிறுநீரகத்தால் வடிக்க முடியாது. பூனையால் முடியும். நம் வீட்டுப் பூனைகள் மேற்காசியாவின் காட்டுப் பூனையிலிருந்து வந்தவை என்று 2007இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்து வேட்டை மிருகம் அது. அதற்குத் தண்ணீர் எலிக்குள் இருந்தது. ஒரு சுண்டெலியில் நூற்றுக்கு 70 பங்கு ஈரம். நாளுக்கு எட்டுப் பத்து சுண்டெலி பிடித்தால் சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்தே முடிந்தது. தாகம் என்று ஒன்று உறைக்க வேண்டிய அவசியமே அதற்கு இருக்கவில்லை.

அதே பூனைக்கு இப்போது கடையில் பாக்கெட் தீனி வாங்கிப் போடுகிறோம். உலர் தீனியில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. நாலு கிலோ பூனை அறுபது கிராம் தின்றால் அதோடு உள்ளே போகும் தண்ணீர் ஐந்து மில்லி. அதே அளவு சத்தை இறைச்சியாகத் தின்றிருந்தால் நூற்றைம்பது மில்லியாவது போயிருக்கும். குறைந்த தண்ணீரைப் பூனை நடந்து போய்க் குடித்து ஈடுகட்ட வேண்டும். ஓரளவு ஈடுகட்டும், முழுக்கச் செய்யாது. சிறுநீர் இன்னும் செறிவாகும். செறிவான சிறுநீரில் தாதுக்கள் படிகமாகும்.

இந்தப் படிகங்களின் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்பார்ன் என்ற மருத்துவர் 1981இல் சிறுநீர்க் கற்களுக்கென்றே ஒரு ஆய்வு மையம் தொடங்கினார். அப்போது வந்த பூனைக் கற்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் ஸ்ட்ருவைட், அதாவது மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. கால்சியம் ஆக்சலேட் நூற்றுக்கு இரண்டு. ஸ்ட்ருவைட் அமிலத்தில் கரையும் என்பதால் தீனிக் கம்பெனிகள் மெக்னீசியத்தைக் குறைத்துச் சிறுநீரை அமிலமாக்கும்படி தீனியை மாற்றின. ஸ்ட்ருவைட் குறைந்தது. ஆக்சலேட் ஏறத் தொடங்கி, 2002 வாக்கில் மொத்தக் கற்களில் பாதியைத் தாண்டிவிட்டது. ஸ்ட்ருவைட்டைத் தீனியை மாற்றிச் சில வாரத்தில் கரைத்துவிடலாம். ஆக்சலேட் எதற்கும் கரையாது. பெரும்பாலும் கத்திதான் வைக்க வேண்டும். அமிலத்தோடு விளையாடியதற்குப் பதில் தண்ணீரைக் கூட்டியிருக்கலாம் என்பது என் கட்சி. நீர்த்த சிறுநீரில் இரண்டுமே எளிதில் சேராது.

விருதுநகர் மாவட்டத்தில் நிலத்தடி நீர் பல ஊர்களில் உப்பு. “உப்புத் தண்ணி குடிச்சுக் கல்லு வந்திருச்சு” என்பார்கள். தண்ணீரிலிருந்து பூனைக்குக் கிடைக்கும் தாது, தீனியிலிருந்து கிடைப்பதோடு ஒப்பிட்டால் சொற்பம். உப்பாக இருப்பதால் பூனை குடிக்காமல் விடுவதுதான் பிரச்சினை என்றால், கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் அதற்கும் ஊற்றுங்கள். தீனித் தட்டிலிருந்து தள்ளி, அகலமான வாயுள்ள பாத்திரங்களில், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். வெம்பக்கோட்டை அணையில் பிடித்த கெண்டையோ ஜிலேபியோ வாங்கும் நாளில், தலையையும் வாலையும் நிறையத் தண்ணீர் விட்டு உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, அந்தத் தண்ணீரோடு தீனியைக் குழைத்துக் கொடுத்தால் பூனை தனக்கே தெரியாமல் அரை டம்ளர் குடித்துவிடும். நம் பாட்டிமார் வைத்த மீன் சோற்றுக்கு இந்த ஒரு நன்மை இருந்தது. அதற்காகப் பால் சோற்றையும் தயிர்ச் சோற்றையும் மட்டும் போட்டு வளர்க்கச் சொல்லவில்லை. டாரின் என்ற சத்து போதாமல் பூனையின் கண்ணும் இதயமும் கெடும்.

இனி, இந்தப் பட்டாசு ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி. வெடிச் சத்தத்தால் இது வருமா?

பூனைக்கு 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான். ஒரு வெடி நாலு மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை சத்தம் போட நம் சட்டம் இடம் கொடுக்கிறது. பூனைக்கு அது கொடுமை என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பட்டாசு செய்கிற ஊர் வருஷமெல்லாம் வெடித்துக்கொண்டிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது தப்பு. ஆலைகள் ஊருக்கு வெளியே, அறைக்கு அறை இடைவெளி விட்டு நிற்கின்றன. உள்ளே நடப்பது மருந்து செலுத்துவது, திரி வைப்பது, காகிதம் ஒட்டுவது போன்ற சத்தமில்லாத கைவேலை. அங்கே பெரிய சத்தம் கேட்டால் அது விபத்து. அன்றைக்கு யாரும் பூனையைப் பற்றி நினைக்க மாட்டார்கள். மற்றபடி சத்தம் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். தீபாவளிக்கும் 2018 முதல் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி. அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

சத்தத்தைவிட ஆழமாகப் பூனையைத் தொடுவது வழக்கம் மாறுவது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழு 32 பூனைகளை 77 வாரம் கவனித்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இருபது பூனைகளுக்கு அந்தக் காரணமறியா அழற்சி இருந்தது, பன்னிரண்டு நல்ல பூனைகள். பராமரிப்பவர் மாறினாலோ தீனி வேளை தவறினாலோ இரு கூட்டமுமே வாந்தி எடுத்தன, தின்ன மறுத்தன, கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தன. நோயாளிப் பூனைகளில் எச்சரிக்கை நரம்புகள் ஓயாமல் முடுக்கப்பட்டிருப்பதையும், சிறுநீர்ப்பையின் உட்பூச்சு மெலிந்து செறிவான சிறுநீர் நேரே நரம்பில் உறைப்பதையும் அந்தக் குழு முன்பே காட்டியிருந்தது. சிறுநீர்ப்பை ஒரு வாசல்தான், நோய் பூனை முழுவதிலும் இருக்கிறது என்பது அவர் வாதம். பண்டோரா நோய்த்தொகுதி என்று பேரும் வைத்தார்.

இதை இங்கே பொருத்திப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) பஸ் விடியலிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. தீனி வேளை மாறுகிறது. வெள்ளையடிக்கச் சாமான்களை இழுத்துப் போடுகிறார்கள். பூனையின் மணம் படிந்த மூலைகள் காணாமல் போகின்றன. சொந்தக்காரர்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குகிறார்கள். கடைசியில் வெடி. பயந்த கடுவன் பரணில் ஏறி இரண்டு நாள் இறங்காது, குடிக்காது, போகாது. தீபாவளி முடிந்து அது இறங்கி வந்து முக்கினால் வெடிச் சத்தத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. செய்ய முடிந்தது இதுதான்: உள்ளறை ஒன்றில் தண்ணீரும் மணலும் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டியும் வைத்து, சத்தம் தொடங்குமுன் பூனையை அங்கே விடுவது. அட்டைப் பெட்டிக்குச் சிவகாசிப் பக்கம் பஞ்சமில்லை.

மணலை வீட்டுக்குள் கொண்டு வந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. பழைய பிளாஸ்டிக் பேசினில் சலித்த மணல் நாலு விரற்கடை போதும். ஆரோக்கியமான பூனை நாளுக்கு இரண்டிலிருந்து நாலு தடவை போகும். ஈரப்பட்ட மணலைத் தினமும் அள்ளும்போதே எத்தனை இடம், எவ்வளவு பெரிது என்று கை பழகிவிடும். சின்னச் சின்னதாகப் பத்து இடம் நனைந்திருந்தால் நீர்க்கடுப்பு. கடுவன் போய்ப் போய் உட்கார்ந்தும் மணல் காய்ந்தே கிடந்தால் மணி பார்க்க வேண்டாம், எண்ணெய் தேட வேண்டாம். இரவானாலும் வண்டி எடுங்கள்.

நனைந்த இடம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால் சங்கதி வேறு. அது கிழப் பூனைகளின் நோய். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் செறிவாக வடிக்கும் திறன் குறைகிறது. நாலில் மூன்று பங்கு போனபின்தான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிக் காட்டுகிறது. சிறுநீர் வெளிறி, மணம் குறைந்து, நிறையப் போகும். பூனை தொட்டியடியிலேயே உட்கார்ந்திருக்கும். “நல்லாத் தண்ணி குடிக்குது” என்று வீட்டில் மகிழ்வார்கள். முதுகெலும்பு கையில் தட்டுப்படத் தொடங்கும்போதுதான் சந்தேகம் வரும். நிறையக் குடித்து நிறையப் போகும் குண்டுப் பூனைக்கு, சிறுநீர் பட்ட தரையில் எறும்பு மொய்த்தால் சர்க்கரையைச் சந்தேகியுங்கள். இளம் பூனைக்கு அபூர்வம் என்று சொன்ன கிருமித் தொற்றும் இந்த வயதில் சகஜம். விலை கொடுத்துப் பெர்சியன் வாங்கியவர்களுக்குக் கூடுதல் கவலை ஒன்று உண்டு: அந்த இனத்தில் மூன்றில் ஒன்றுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உருவாகும் மரபணுப் பிழை இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஸ்கேனில் தெரியும்.

மருத்துவர் சிறுநீர் மாதிரி கேட்டால் மணலிலிருந்து பிழிய முடியாது. பேசினைக் கழுவிக் காயவைத்து, மீன்தொட்டியில் போடும் சிறு கூழாங்கல்லைக் கொதிநீரில் அலசி நிரப்பி, பூனையை அந்த அறையில் அடைத்தால், கல் எதையும் உறிஞ்சாது. அடியில் தேங்கியதை ஊசியில்லாத சிரிஞ்சால் எடுக்கலாம். எடுத்த உடனே கொண்டு போங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், பூனைக்குள் இல்லாத படிகங்கள் அந்தக் குளிரிலேயே உண்டாகி, நுண்ணோக்கியில் இல்லாத நோயைக் காட்டும்.